ஓசை மட்டும் போதுமா?

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது பழமொழி. அடிக்கடி நின்றுபோகும் பழைய காரை வைத்துக்கொண்டு அல்லற்படுகிறவன் கண்ணுக்கோ எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் குற்றவாளிகளாகவே தென்படுவார்கள். இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை; பட்டறிந்து எழுதுகிறேன். சென்ற ஆண்டுக் கோடையில், தீப்பெட்டியளவேயான ஒரு சிறு கருவி எனக்குப் புகட்டிய பாடம் இது. வாகனம் வைத்திருக்கும் குடும்பத்தினருக்கு இதில் பயனுள்ள செய்தி சில உண்டு. வாகனம் இல்லாதவர்களுக்கும் ஒன்று உண்டு என்று நம்புகிறேன்.

எங்கள் பங்கின் கார் பெட்ரோலில் ஓடுவது. பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியது. தருமபுரி மாவட்டத்தில் பங்குப் பணி என்றால் அலைச்சல் மிகுந்த பணி என்பதை வாசக அன்பர்கள் அறிவீர்கள். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களுக்கு நேரத்துக்குப் பேருந்து கிடைப்பது அரிது. ஆகவே அந்தப் பழைய கார் எங்களுக்கு வசதிப் பொருள் அன்று; கைகால் போன்றது.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நாளில் கோளாறும் தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் உடனே பிடித்துக்கொள்ளும். நண்பகலில் ஓர் ஊரில் நிறுத்திவிட்டு அரைமணி கழித்து வந்து திருப்பினால், செல்ஃப் அடிக்கும், என்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவைத்து, மரநிழலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தால், ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய் நிறுத்தும் வேளையிலோ அதற்கு ஒரு குறையும் இராது. பல்வலிக்காரன் மருத்துவர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி நீங்கினாற்போல!

பேட்டரியை மாற்றினோம். பிளக்குகளை மாற்றினோம். பெட்ரோல் பம்பையும் மாற்றினோம். ஏறக்குறைய 11,000 ரூபாய் செலவாயிற்று. கோளாறு மட்டும் மாறவில்லை. அப்போது பழுது பார்த்தவர், “டாங்கில் தண்ணியோ மண்ணெண்ணெயோ கலந்திருக்கலாம் சாமி. பெட்ரோல் யார் போடுறாங்க?” என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை. ஐயத்தை எழுப்பினார், அவ்வளவே. மற்றதை என் மனம் செய்து முடித்தது.

பெட்ரோல் போட்டுவந்தவன் காரை ஓட்டிய இருபத்திரண்டு வயதுப் பையன். தந்தையை இழந்தவன். தாய் புளி உடைத்துக் கொட்டை நீக்கும் கூலி வேலையில் அவனை வளர்த்தவர். ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். முந்திய மாதத்தைவிடப் பெட்ரோல் செலவு கூடியிருந்தது. தவக்காலத்தில் கிளைக் கிராமங்கள்தோறும் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடுதலாய் அலைந்தவன் நானே என்பது அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை. பெட்ரோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலக்கிறான் என்று முடிவு கட்டினேன். கோயில் முற்றத்தில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலை குனிந்து நின்றான். அந்த மௌனத்தையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். “சாவியைக் கொடுத்துவிட்டுப் போ” என்றேன். மறுவாரம் அவன் வேலை தேடி ஓசூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதன்பின் நானே கார் ஓட்டினேன். நானே நின்று பெட்ரோல் போட்டேன். டாங்கைக் கழற்றிக் கழுவியும் ஆயிற்று. இனித் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

மே மாதத்தில் ஒருநாள் பிற்பகல் இரண்டு மணி. தொலைவிலுள்ள ஒரு கிளைக் கிராமத்தில் மூதாட்டி ஒருவர் இறுதி நிலையில் இருப்பதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. நான் அப்போது வேறோர் ஊரில் நோயாளிகளைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். ஓடிவந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் அடித்தது, என்ஜின் பிடிக்கவில்லை. பத்து முறை திருப்பினேன். வியர்வை வழிய, வழியே சென்ற ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்றேன். நான் சேர்ந்தபோது அந்தத் தாயின் கண்களை மகள் மூடியிருந்தாள். “கால் மணி முந்தி வந்திருந்தா, சாமி…” என்று தொடங்கிய அவள் அதை முடிக்கவில்லை. இறந்தோருக்கான செபங்களைச் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த முடியாத வாக்கியம் காதில் ஒலித்தது.

அதனோடு இன்னொன்றும் உறைத்தது. டாங்கில் இருந்தது நான் போட்ட பெட்ரோல். பையன் போய் ஒரு மாதமாயிற்று. கோளாறோ அப்படியே இருக்கிறது. குருமடத்தில் தர்க்க வகுப்பில் ‘போஸ்ட் ஹோக், எர்கோ ப்ரோப்டெர் ஹோக்’ என்னும் பிழையைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் முன்னதே பின்னதற்குக் காரணம் என்று கொள்வது அப்பிழை. தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். தேர்வில் எழுதியது வாழ்வில் கைகொடுக்கவில்லை.

எங்கள் பங்கில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரயில்வேயின் சிக்னல் பிரிவில் பணிபுரிந்து, ஜோலார்பேட்டையில் ஓய்வுபெற்றவர். துட்டிக்கு வந்திருந்த அவர், நான் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை, ஒரு மல்ட்டிமீட்டரும் சிறிய டெஸ்ட் லாம்பும் எடுத்துக்கொண்டு பங்கு வீட்டுக்கு வந்தார்.

“வண்டியை இப்பப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, சாமி. காய்ச்சல் இருக்கும்போதுதான் நாடி பார்க்கணும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து வெயில்ல நிறுத்துங்க” என்றார்.

அவ்வாறே செய்தோம். நண்பகலில் என்ஜின் பிடிக்க மறுத்தது. பெரியவர் முகத்தில் மகிழ்ச்சி! முதலில் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். வண்டி ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் அது நிறைந்த பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது பத்து வோல்ட்டுக்கு அருகில் நின்றால் நலம். இரண்டும் சரியாக இருந்தன. அடுத்து ஃபியூஸ்களின் இரு பக்கத்திலும் டெஸ்ட் லாம்பைத் தொட்டுப் பார்த்தார், இருபுறமும் எரிந்தது. பின்னர் என்னைச் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பச் சொல்லி, காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்டது.

“ரிலே வேலை செய்கிறதே. முன்பு பார்த்தவரும் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ரிலே நன்றாக இருக்கிறது என்றார்” என்றேன்.

“ரிலே குரல் கொடுக்குது, சாமி. வேலை செய்யுதான்னு இன்னும் தெரியாது. அந்த ‘டிக்’குக்குப் பின்னாடி பெட்ரோல் பம்ப் இரண்டு மூணு விநாடி உறுமணும். கேட்டுதா?”

கேட்கவில்லை. பம்பின் உறுமல் நின்றுபோனதைக் கவனிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ரிலே என்பது யாது? ஒரு சிறு மின்னோட்டத்தைக்கொண்டு ஒரு பெரிய மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் செய்யும் கருவி. உள்ளே ஒரு கம்பிச்சுருள் உண்டு. சாவியைத் திருப்பியதும் அதில் சிறிதளவு மின்சாரம் பாய்ந்து, அது காந்தமாகிறது. அந்தக் காந்தம் ஓர் இரும்பு நாக்கை இழுக்கிறது; ‘டிக்’ என்பது அந்த நாக்கு விழும் ஓசை. நாக்கின் நுனியில் உள்ள பாயின்ட்டுகள் ஒன்றையொன்று தொட்டதும், பேட்டரியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டம் அவற்றின் வழியே பெட்ரோல் பம்புக்கும் பொறி எழுப்பும் இக்னிஷன் காயிலுக்கும் செல்கிறது. இதனால் சாவியின் மெல்லிய கம்பிகள் பெருஞ்சுமையைத் தாங்க வேண்டியதில்லை.

ரிலே என்னும் பெயரே பழங்காலத்துப் பயணத்திலிருந்து வந்தது. நெடுவழியில் களைத்த குதிரையை மாற்றிப் புதுக்குதிரை பூட்டும் ஏற்பாட்டுக்கு அப்பெயர். நம் பக்கத்தில் திருவிதாங்கூரின் அஞ்சல் ஓட்டக்காரர்கள், மணி கட்டிய கோலுடன் ஓடிச் சென்று தபாற்பையைக் கைமாற்றியதும் அவ்வகையே. 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தந்தி அனுப்பியபோது, நெடுந்தொலைவில் நலிந்துபோன மின்னோட்டத்துக்குப் புத்துயிர் தந்தது இந்த ரிலேயே. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவடைந்துவிட்டது. ரிலேயோ இன்றும் நம் கார்களில் ‘டிக்’ என்று ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இனிப் பெரியவர் செய்த சோதனையைக் கேளுங்கள். சாவியை அணைத்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியிலிருந்த இக்னிஷன் ரிலேயைப் பிடுங்கினார். ஹாரனுக்குரிய ரிலேயையும் பிடுங்கினார். இரண்டின் கால்களின் அமைப்பு, எண்கள், ஆம்பியர் அளவு ஆகியவை ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்தார். இது முக்கியம், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தும் உள்ளமைப்பு வேறான ரிலேக்கள் உண்டு. பிறகு ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினார். சாவியைத் திருப்பினேன். பம்ப் உறுமியது, என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது, அதே கொதிக்கும் வெயிலில்!

நான் கைதட்டப் போனேன். அவர் தடுத்தார். “இன்னும் பாதிதான் ஆச்சு. ஹாரனை அடிங்க” என்றார். அழுத்தினேன். ஊரையே எழுப்பும் எங்கள் ஹாரன் ஈனசுரத்தில் முனகிற்று. பழுது அந்த ரிலேயோடு இடம் மாறியிருந்தது. “நல்லதை வெச்சதும் சரியாச்சுங்கறது ஒரு சாட்சி. கெட்டதை வெச்ச இடம் கெட்டுதுங்கறது இரண்டாவது சாட்சி. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் தீர்ப்புச் சொல்லணும்” என்றார்.

அத்துடனும் அவர் நிற்கவில்லை. மேசைமேல் ரிலேயை வைத்தார். இத்தகைய பல ரிலேக்களின் கால்களில் 30, 85, 86, 87 என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 85-க்கும் 86-க்கும் இடையே உள்ளது கம்பிச்சுருள். 30-க்கும் 87-க்கும் இடையே உள்ளது பெரிய மின்னோட்டத்தின் வழி. முதலில் சுருளின் தடையை அளந்தார். ஏறக்குறைய 80 ஓம். பன்னிரண்டு வோல்ட் ரிலேக்கு ஐம்பதிலிருந்து நூற்றிருபது ஓம் வரை இருப்பது வழக்கம். ஆகவே சுருள் நலம். பேட்டரியிலிருந்து சுருளுக்கு மின்சாரம் கொடுத்தார், ‘டிக்’ என்றது. 30, 87 கால்களில் மீட்டரை வைத்தார். இணைப்பு உண்டு என்று ‘பீப்’ ஒலித்தது.

“மீட்டரும் நல்லது என்கிறதே!” என்றேன் வியப்புடன்.

“மீட்டர் அனுப்புற மின்சாரம் எறும்பு மாதிரி, சாமி. எறும்பு போற பாலத்துல யானை போகுமா?” என்று கேட்டுவிட்டு, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை 87-உடன் இணைத்து, 30-க்குப் பேட்டரியின் மின்சாரத்தைக் கொடுத்தார். பல்பு மங்கலாகச் சிவந்ததேயன்றி எரியவில்லை. 30-க்கும் 87-க்கும் இடையே வோல்ட் அளந்தார். நல்ல ரிலேயில் அந்த இடத்தில் 0.2 வோல்ட்கூட இழப்பாகக் கூடாது. இதிலோ ஐந்து வோல்ட்டுக்கு மேல் வீணாயிற்று. ஒரு நிமிடத்துக்குள் ரிலே கைபொறுக்காத சூடாகிவிட்டது.

மேல்மூடியைப் பெயர்த்துக் காட்டினார். பாயின்ட்டுகள் கருகிக் குழிவிழுந்திருந்தன. காலையில் ஓடி நண்பகலில் மறுத்ததன் காரணமும் விளங்கியது. செம்புக் கம்பி சூடேறினால், ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அதன் தடை நூற்றுக்கு 0.4 பங்கு அளவில் கூடும். என்ஜினின் அனலிலும் வெயிலிலும் ஐம்பது பாகை ஏறினால் தடை ஐந்திலொரு பங்கு கூடிவிடும். அதனால் காந்தத்தின் பிடி தளரும். தளர்ந்த பிடியில் கருகிய பாயின்ட்டுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். ‘டிக்’ ஒலிக்கும், மின்சாரம் கடக்காது.

புதிய ரிலே 180 ரூபாய். மாற்றி இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

வாகனம் வைத்திருப்போர் நலனுக்காக அவர் சொன்ன எச்சரிக்கைகளையும் எழுதிவைக்கிறேன். இந்த ரிலே, ஓடிக்கொண்டிருக்கும்போதும் கைவிடக்கூடும். “தொப்பூர்க் கணவாயில, முன்னாலயும் பின்னாலயும் லாரி வர்றப்போ, இறக்கத்துல என்ஜின் நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும் சாமி?” என்று அவர் கேட்டபோது எனக்கு உடல் நடுங்கியது. அவ்வாறு என்ஜின் நின்றுவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை ஓரிரு மிதிப்புக்கு மட்டுமே மிஞ்சும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாகப் பலமாக மிதிக்க வேண்டும். ஸ்டியரிங் கனமாகிவிடும், இரு கைகளாலும் பற்றிச் சாலையின் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். சாவியை உருவக் கூடாது. உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு விளக்குகளும் மின்னும்படி எச்சரிக்கை விளக்கைப் போட வேண்டும். இன்னொன்று: ரிலேக்குப் பதிலாக 30-ஐயும் 87-ஐயும் ஒரு கம்பியால் இணைத்து ஓட்டும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள். விபத்து நேர்ந்தாலும் பெட்ரோல் பம்ப் நிற்காமல் ஓடித் தீப்பிடிக்க அது வழிவகுக்கும். ஒருபோதும் அதை வாடிக்கையாக்கக் கூடாது. மாறாக, அதே வகை ரிலே ஒன்றை டேஷ்போர்டில் வைத்திருங்கள்.

தேநீர் அருந்தும்போது அவர் தம் பணிக்காலத்தைப் பற்றிப் பேசினார். இரயில்வே சிக்னல்களுக்கும் ரிலேக்களே ஆதாரம். மின்சாரம் அற்றுப்போனால் அவற்றின் நாக்கு தன் எடையாலேயே கீழே விழுந்து, சிக்னல் சிவப்பாகும்படி அமைத்திருப்பார்களாம். ஐயம் வந்தால் இரயிலை நிறுத்து; ஆளை இழக்காதே என்பதே அதன் கொள்கை. அந்த ரிலேக்கள் உள்ள அறைக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி நிலைய அதிகாரியிடம். மற்றதன் சாவி சிக்னல் பணியாளரிடம். ஒருவர் மட்டும் தனித்துத் திறக்க இயலாது.

நான் என்ன செய்தேன்? ஒரே சாவியால் ஒரு மனிதனின் மானத்தைத் திறந்து முற்றத்தில் வைத்தேன். என் ஐயத்தை எதிர்த்துக் கேட்கும் இரண்டாம் சாவிக்காரர் எவரையும் நான் தேடவில்லை. மூன்று முறை பணம் செலவழித்துப் பாகங்களை மாற்றினேன்; நான்காவதாக ஒரு பையனையும் ‘பழுதான பாகம்’ என்று கழற்றி எறிந்தேன். நற்செய்தியில் வரும் இரு மக்கள் உவமையைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். போகிறேன் என்று சொல்லிப் போகாத மகனைப்போல, ‘டிக்’ என்று சொல்லிச் செய்யாத ரிலேயை நம்பினேன். ஒன்றும் சொல்லாமல் நின்ற பையனை நம்பவில்லை.

மறுநாள் பேருந்தேறி ஓசூருக்குச் சென்றேன். தொழிற்சாலை வாசலில் மாலை ஷிப்ட் முடியும்வரை காத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவன் முதலில் கேட்டது, “வண்டி சரியாச்சுங்களா சாமி?” என்பதே. நடந்ததைச் சொன்னேன். “தம்பி, தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்” என்றேன். திரும்ப வரும்படியும் கேட்டேன்.

“இங்க வேலை நல்லா இருக்கு சாமி, இருந்துடறேன். நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதும்” என்றான். சற்று நேரம் கழித்து, “அம்மாகிட்ட மட்டும் ஒருதரம் சொல்லிடுங்க சாமி. அவங்க அதுக்கப்புறம் கோயிலுக்கு முன்பக்கமா வர்றதில்லைன்னு சொன்னாங்க” என்றான்.

அன்றிரவே அவர் வீட்டுக்குப் போனேன். விளக்கொளியில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசும்வரை அவர் கை நிற்கவில்லை. பேசி முடித்ததும் முந்தானையால் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க சாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

குற்றச்சாட்டு நாலு பேர் அறிய நடந்தது. மன்னிப்பு மட்டும் மறைவில் நடப்பது நீதியாகாது. ஆகவே அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், பையன்மீது குற்றமில்லை என்பதையும், விசாரியாமல் பழி சுமத்தியவன் நானே என்பதையும் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தேன். அந்தத் தாய் அன்று பெண்கள் வரிசையில் முன்பக்கம் இருந்தார். காலம் தாழ்ந்து நான் சேர்ந்த வீட்டின் மகளும் இருந்தாள். அவளுக்கு நான் திருப்பித் தரக்கூடியது ஒன்றுமில்லை.

வாசக அன்பர்களே, நம் வீடுகளிலும் பணம் குறையும், பொருள் காணாமற்போகும், பிள்ளை மதிப்பெண் குறைந்து வருவான். உடனே ஒரு முகம் நம் கண்முன் வரும். அப்போது அந்தப் பெரியவரின் முறையை நினைவில் கொள்ளுங்கள். கோளாறு நிகழும் வேளையில் நின்று பாருங்கள். எளிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு சாட்சி போதும் என்று இராதீர்கள். ஓசையை மட்டும் கேட்டு நல்லது என்றும், மௌனத்தை மட்டும் கண்டு கெட்டது என்றும் தீர்ப்பிடாதீர்கள்.

அந்தக் கருகிய ரிலே இப்போது என் மேசைமேல், பாடுபட்ட சுரூபத்தின் அருகில் இருக்கிறது. யாராவது என்னிடம் வந்து மற்றொருவரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால், என் கை தானாகவே அதை எடுத்துக்கொள்ளும்.